அசைந்த உதடுகள்: ‘கிளப்புல மப்புல’ பாடலும் அதைக் கேட்ட நாமும்

ஓர் இறையியல் ஏட்டில் கேளிக்கைப் பாடல் ஒன்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். தகும் என்றே நாம் கருதுகிறோம். நம் சபைகளின் வாலிபர் நமது பிரசங்கத்தை வாரத்தில் அரைமணி நேரம் கேட்கின்றனர். பாடல்களையோ பேருந்திலும் விடுதியிலும் படுக்கையிலும் கேட்கின்றனர். ஆண் யார், பெண் யார், தமிழர் யார், பாவி யார் என்னும் வினாக்களுக்கு அவர்கள் உள்ளத்தில் பதிந்துள்ள விடைகளுள் பல பாடல்களின் வழியாக வந்தவையே. ஆகவே பாடலை ஆராய்வதும் மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியாகும்.

கடந்த ஆண்டு காரைக்குடியில் நடந்த வாலிபர் கூடுகை ஒன்றில் ‘கிளப்புல மப்புல’ என்னும் பாடலை ஒலிக்கச் செய்து, அதைக் குறித்து உரையாடுமாறு கேட்டுக்கொண்டோம். 2011இல் வெளிவந்த அப்பாடலை, கூடியிருந்தோருள் பலர் பள்ளிப் பருவத்தில் கேட்டவர்கள். முதல் அடி ஒலித்ததுமே கால்கள் தாளமிட்டன. பாட்டு முடிந்தபின் நிகழ்ந்த உரையாடலோ கூட்டத்தை நான்காகப் பிரித்துவிட்டது. அந்தப் பிரிவினையைக் குறித்தும், அதில் நாம் நின்ற இடத்தைக் குறித்தும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். பாட்டைக் குறித்து எழுதத் தொடங்கி, இறுதியில் நம்மைக் குறித்தே எழுத நேர்ந்தது என்பதையும் முன்னரே கூறிவிடுகிறோம்.

1. பாட்டு வந்த வழி

ஹிப்ஹாப் என்னும் இசைவகை நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1973இல் பிறந்தது. வறுமையுற்ற கறுப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரும் வாழ்ந்த பகுதி அது. வாத்தியங்கள் வாங்க வழியற்ற இளைஞர் இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கி, அவற்றின் தாளத்தின்மேல் எதுகையோடு விரைந்து பேசினர். அப்பேச்சுப் பாட்டே ராப் எனப்பட்டது. 1979இல் உலகெங்கும் புகழ்பெற்ற முதல் ராப் இசைத்தட்டு வேடிக்கைப் பாடலாகவே வந்தது. சேரி வாழ்வின் துயரைச் சொல்லும் பாடல் 1982இல் வந்தது. விளையாட்டும் கண்டனமும் இவ்வகையில் தொடக்கமுதல் ஒன்றோடொன்று கலந்தே இருந்தன.

தமிழுக்கு இவ்வகை வந்த பாதைகளுள் ஒன்று செட்டிநாட்டாருக்குப் புதியதன்று. நம் பகுதியின் வணிகர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்று, தேக்கு மரங்களோடும் பெருஞ்செல்வத்தோடும் திரும்பி வந்து மாளிகைகளை எழுப்பினர். அதே கடல்வழியில், அவர்கள் காலத்திற்குப் பின்னர், மலேசியத் தமிழ் இளைஞரின் பாட்டு வந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வெளிவந்து தமிழகத்திலும் பரவியது. அதற்கு முன்னரே 1994இல் ‘காதலன்’ திரைப்படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘பேட்டை ராப்’, சென்னைத் தெருப்பேச்சையே பாட்டாக்கிக் காட்டியிருந்தது.

இப்பின்னணியில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதியும் அவர் நண்பர் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்னும் பெயரில் பாடத் தொடங்கினர். ஆதி வானொலி நிலையத்தில் பாடிய ‘கிளப்புல மப்புல’ யூடியூப் வழியாக விரைந்து பரவியது. ‘ஒய் திஸ் கொலவெறி டி’ வெளிவந்ததும் அதே 2011ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டில் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்னும் இசைத்தொகுப்பு வெளியாயிற்று. 2015இல் ‘ஆம்பள’ திரைப்படத்தின் வழியாக இருவரும் இசையமைப்பாளர்கள் ஆயினர். அவர்களது புகழுக்கு வாயில் திறந்தது இந்த ஒரு பாட்டே எனலாம்.

2. பாட்டின் இனிமை

குறை கூறுமுன் நிறையைக் கூறுதல் முறை. இப்பாட்டு கேட்பவரைப் பிடித்துக்கொள்கிறது. எதுகையும் இயைபும் அடுக்கடுக்காக விழுகின்றன. தலைப்பே அதற்குச் சான்று. ‘கிளப்பு’ என்பது ஆங்கிலச் சொல்; ‘மப்பு’ என்பது தெருச் சொல்; இரண்டும் ஒரே ஓசையில் முடிந்து கைகோத்துக்கொள்கின்றன. கும்மியிலும் வண்ணத்திலும் சந்தத்திலும் பழகிய தமிழ்ச் செவிக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

வடிவமே தீயது என்று கூறுவாரோடு நமக்கு உடன்பாடில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அக்காலத்து மக்கள் விரும்பிக் கேட்ட குறவஞ்சியை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். ஆட்டக்காரியின் பாட்டு ஆலயத்திற்கு ஆகுமா என்று அவர் தயங்கியிருந்தால் நமக்கு ஒரு செல்வம் கிட்டாமற் போயிருக்கும். ஆகவே ராப் என்பதற்காக இப்பாட்டைத் தள்ளுவது நியாயமன்று. ஒரு வடிவத்திற்குள் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதே வினா.

3. பாட்டின் பொருள்

இரவு விடுதியில் குடித்துத் திரியும் பெண்ணொருத்தியைப் பாட்டு காட்டுகிறது. அவளுடைய உடை, ஒழுக்கம், நாகரிகம் யாவும் கேலிக்குள்ளாகின்றன. பின்னர் அந்த ஒருத்தியிலிருந்து இக்காலப் பெண்கள் எல்லாருக்கும் தாவி, அவர்களது கற்பையே ஐயுறுகிறது. தமிழ்ப் பண்பாடு அழிகிறதே என்ற புலம்பலும் உடன்வருகிறது. பாடுபவர் தம்மைப் பண்பாட்டின் காவலராக நிறுத்திக்கொள்கிறார்.

தமிழில் இது புதிய கருத்தன்று. பட்டணத்துப் பெண்ணைப் பட்டிக்காட்டு ஆடவன் அடக்கித் திருத்தும் கதையை 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’ திரைப்படத்தில் சிவாஜி கணேசனும் செயலலிதாவும் நடிக்க நம் பெற்றோர் கண்டு களித்தனர். அக்கதையில் ஆடவன் நடுத்தெருவில் நிற்கிறான். பாட்டில் ஒலிவாங்கியின் முன் நிற்கிறான். கருத்து ஒன்றே.

ஆயினும் பாட்டு பிறந்த வேளை கவனிக்கத்தக்கது. 2005இல் திருமணத்திற்கு முந்திய உறவு குறித்து நடிகை குஷ்பு கூறிய கருத்துக்காகத் தமிழகமெங்கும் அவர்மீது வழக்குகள் தொடரப்பட்டன. 2010 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் மதுவிடுதி ஒன்றிலிருந்த இளம்பெண்களைப் பண்பாட்டின் பெயரால் ஒரு கும்பல் அடித்து விரட்டியது. இவற்றை அடுத்தே இப்பாட்டு வந்தது. பாடிய இளைஞர் எவரையும் அடிக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக நாம் கூறவுமில்லை. ஆனால் கேலி எங்கு முடிகிறதோ அங்குக் கை தொடங்கக்கூடும் என்பதை அந்நாட்கள் காட்டியிருந்தன.

பாட்டில் நாம் காணும் பெருங்குறை வேறொன்று. இதில் அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நம் நாட்டுப்புற மரபில் ஆண் பெண்ணைக் கேலி செய்து பாடுவதுண்டு. ஆனால் நடவு வயலிலும் கூத்து மேடையிலும் பெண் எசப்பாட்டுப் பாடுவாள். கேலி செய்தவன் தலைகுனிந்து அடுத்த அடியைத் தேட நேரிடும். ஹிப்ஹாப் மரபிலும் அப்படியே. 1984இல் நியூயார்க்கில் ஆண்களின் குழுவொன்று தங்களை மதியாத ரோக்ஸான் என்னும் பெண்ணை ஏளனம் செய்து பாடியபோது, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ரோக்ஸான் ஷாண்டே என்னும் பெயரில் எதிர்ப்பாட்டுப் பாடினாள். அந்த எதிர்ப்பாட்டும் பெரும்புகழ் பெற்றது. தமிழின் மரபும் ராப்பின் மரபும் பெண்ணுக்கு மறுமொழி உரிமை தந்திருக்க, இரண்டையும் இணைக்க வந்த இப்பாட்டு அதை மட்டும் விட்டுவிட்டது.

4. கேட்டோர் பிரிந்த விதம்

இனிக் காரைக்குடிக் கூட்டத்திற்கு வருவோம். முதல் சாரார், “பாட்டு நன்றாயிருக்கிறது; பொருளை யார் கவனித்தார்கள்?” என்றனர். இவர்களே மிகுதி. இரண்டாம் சாரார் பெரியவர்கள். இரைச்சலை வெறுத்தனர், கருத்தையோ ஏற்றுக்கொண்டனர். மூன்றாம் சாரார் கல்லூரியில் பயிலும் மாணவியர் சிலர்; இது எங்களைக் கண்காணிக்கும் பாட்டு என்று வெளிப்படையாகவே கூறினர். நான்காம் சாரார் பேசவில்லை. அவர்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்த தாய்மார்.

இரண்டாம் சாராரின் வாதம் இவ்வூரில் எளிதாகச் செல்வாக்குப் பெறுவது இயல்பே. காரைக்குடி 1939இலேயே கம்பன் கழகம் கண்ட ஊர். தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பிய ஊர். பண்பாடு என்ற சொல்லுக்கு இங்குத் தனி மதிப்புண்டு. அவர்களுள் திருமறை அறிந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “ஏசாயா சீயோன் குமாரத்திகளின் அகந்தையையும் அலங்காரத்தையும் கண்டிக்கவில்லையா? ஆமோஸ் சமாரியாவின் பெண்களைப் பாசான் பசுக்கள் என்று ஏசவில்லையா? அவர்களும் குடிக்கக் கேட்டவர்கள்தாமே? தீர்க்கதரிசி செய்ததைத்தானே இந்தப் பையனும் செய்கிறான்?” என்று வினவினார்.

இது வலிமையான வினா. பலர் எண்ணுவதுபோலத் திருமறை பெண்களை ஒருபோதும் கடிந்ததில்லை என்று கூறித் தப்பிக்க இயலாது. விடையைப் பகுதிகளின் சூழலிலேயே தேடவேண்டும்.

5. தீர்க்கதரிசிகளின் கண்டனம்

ஆமோஸ் 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அப்பெண்கள்மீது சாட்டப்படும் முதற்குற்றம் குடியன்று. ஏழைகளை ஒடுக்கியதும் எளியவரை நொறுக்கியதுமே முதலில் கூறப்படுகின்றன. அவர்கள் கேட்கும் மது அந்த ஒடுக்குமுறையின் விளைச்சல். அரண்மனை மாடியில் அமர்ந்திருக்கும் செல்வ வர்க்கத்தைக் கிராமத்து மேய்ப்பன் கண்டிக்கிறான். அதே ஆமோஸ் 2ஆம் அதிகாரத்தில் அபராதமாகப் பறித்த மதுவை ஆலயத்திலேயே குடிக்கும் ஆடவரையும், ஒரே பெண்ணிடம் செல்லும் தகப்பனையும் மகனையும் கண்டித்துவிட்டே இங்கு வருகிறார்.

ஏசாயா 3ஆம் அதிகாரமும் அத்தகையதே. சீயோன் குமாரத்திகளைப் பற்றிய பகுதிக்கு முன், மூப்பரும் பிரபுக்களும் நியாயாசனத்திற்கு அழைக்கப்படுகின்றனர். சிறுமையானவனிடம் கொள்ளையிட்ட பொருள் அவர்களுடைய வீடுகளில் இருக்கிறது என்பதே குற்றச்சாட்டு. பெண்களின் காலணியும் காதணியும் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டன என்பதைத் தீர்க்கதரிசி முதலில் காட்டிவிடுகிறார். அதன் பின்னர் 28ஆம் அதிகாரத்தில் குடியால் தள்ளாடுவோர் பட்டியலில் ஆசாரியரும் தீர்க்கதரிசியுமே இடம்பெறுகின்றனர்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. ஏசாயா தம் அழைப்பின் வேளையில், தாம் அசுத்த உதடுகள் உள்ள மனிதன் என்று முதலில் தம்மைக் குறித்தே அறிக்கையிடுகிறார். அதன் பின்னரே தம் மக்களின் உதடுகளைக் குறித்துப் பேசுகிறார். கண்டிப்பவன் குற்றத்திற்கு வெளியே நிற்பதில்லை. பாட்டிலோ பாடுபவரும் அவருடைய தோழரும் தூய்மையானவர். விடுதிக்கு வெளியே நிற்பவர். அந்த விடுதியின் மற்ற மேசைகளில் யார் அமர்ந்திருந்தார்கள் என்று பாட்டு கேட்பதில்லை.

முடிவான சொல் ஓசியாவினுடையது. 4ஆம் அதிகாரத்தில், வழி தவறிய குமாரத்திகளையும் மருமக்களையும் தாம் தண்டிப்பதில்லை என்று ஆண்டவர் கூறுகிறார். ஆடவர் தாமே அவ்வழியில் செல்கிறார்கள் என்பதே காரணமாகக் காட்டப்படுகிறது. ஒரே ஒழுக்கக்கேட்டுக்கு இரண்டு அளவுகோல்கள் வைப்பதைத் திருமறை ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தீர்க்கதரிசனம் மேல்நோக்கி எறியப்படும் கல். இப்பாட்டு பக்கத்தில் நிற்பவள்மீது எறியப்பட்ட கல்.

6. குடி யாருடையது?

குடியைக் கண்டிப்பது தவறன்று. நம் சபைகள் அதைக் கண்டித்தே வந்திருக்கின்றன. ஆனால் தமிழகத்தில் குடிப்பவர் யார்? 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துகின்றனர். பெண்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கணக்கெடுப்பில் பெண்கள் மறைத்துக் கூறியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், இந்த இடைவெளி அடையாது.

விற்பவர் யார் என்பதும் மறைவன்று. 1937இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் கையில் கொண்டுவந்தது. மதுக்கடை தொடர்பாகத் தமிழ்ப் பெண் நிற்கும் இடம் பெரும்பாலும் கடைக்கு எதிரேதான், மறியலில்தான். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகத் திரண்ட பெண்களுள் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே கண்டது. 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள், மார்த்தாண்டம் அருகே மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர் நீத்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காகத் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். இரண்டு பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் குடியைப் பற்றியவை; இரண்டும் மக்களிடையே விரைந்து பரவியவை. குடித்த பெண்ணைப் பாடியவருக்குத் திரையுலகம் திறந்தது. மதுவை விற்ற அரசைப் பாடியவருக்குச் சிறை திறந்தது. எந்தப் பாட்டு மேல்நோக்கி எறியப்பட்டது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

ராப் வடிவத்திலேயே இத்தகைய பாட்டுக்கு எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப், கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைக் குறித்து ராப் பாடினார். நீண்டகாலமாக நீதி தேடிய முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் யூனிலீவர் நிறுவனம் 2016 மார்ச்சில் உடன்பாட்டுக்கு வந்தது. பல்லாண்டுப் போராட்டத்தின் பலன் அது. எனினும் உலகின் செவியை அதன்பால் திருப்பியதில் அப்பாட்டுக்கும் பங்குண்டு.

நம் மண்ணின் மனநிலையையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனை நாம் பெருமையோடு கொண்டாடுகிறோம். ‘இயேசு காவியம்’ தந்த கவிஞர் என்பதால் கிறிஸ்தவருக்கு அவர்மீது தனி அன்புண்டு. அவர் தம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் எழுதினார். நாமும் அதைக் கவிஞனின் நேர்மை என்று போற்றினோம். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. அது தகுந்ததே. ஆனால் ஆண் குடித்தால் நேர்மை, பெண் குடித்தால் பண்பாட்டின் அழிவு என்று நமக்குக் கற்றுத் தந்தது யார்?

7. ஏலியும் அன்னாளும்

இதுவரை கூறியவை பாட்டைப் பற்றியவை. இனி நம்மைப் பற்றிக் கூறவேண்டும்.

2011 டிசம்பரில் நாம் இப்பகுதியின் ஒரு குருசேகரத்தில் ஆயராகப் பணியாற்றினோம். கிறிஸ்துமஸ் கீத பவனியின்போது வீட்டுக்கு வீடு செல்லும் வழியில் வண்டியிலிருந்த வாலிபர் இப்பாட்டைப் பாடிக்கொண்டு வந்தனர். ஒரு வீட்டில், சென்னைக் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் பலகாரத் தட்டோடு வாசலில் நின்றபோது பின்னாலிருந்த ஒருவன் பாட்டின் முதலடியை முணுமுணுத்தான். வாலிபர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், சபை கூறத் தவறியதை உலகப் பாடகன் ஒருவன் கூறிவிட்டான் என்று அப்பாட்டை மெச்சியும் பேசினோம்.

ஆண்டிறுதி ஆராதனைக்கு அந்தப் பெண் வரவில்லை. அவருடைய தாயார் ஆராதனை முடிந்தபின் தனியே வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, என் மக ராத்திரி வேலை பாத்துட்டு விடியக்காலம் கம்பெனி வேன்ல வர்றவ. அவ சம்பளத்துலதான் அவங்கப்பா குடிச்ச கடன அடைக்கிறோம். ஒங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

நமக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தகப்பனார் சேகரக் குழுவில் இருந்தார், காணிக்கையில் குறைவைத்தவரல்லர். அவர் குடிப்பதை ஊர் அறியும். அவரைக் குறித்துப் பீடத்திலிருந்தோ தனியாகவோ நாம் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அன்றிரவு வாசித்த பகுதி முதலாம் சாமுவேலின் முதல் அதிகாரம். சீலோவின் ஆலயத்தில் அன்னாள் மனங்கசந்து ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, குரல் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளுடைய வாயையே உற்றுப் பார்த்து, அவள் வெறித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கடிந்துகொள்கிறான். அடுத்த அதிகாரத்தில் அதே ஏலியின் குமாரர் பலியின் இறைச்சியைப் பறிக்கின்றனர். ஆலய வாசலில் கூடும் பெண்களிடம் தகாதபடி நடக்கின்றனர். அவர்களுக்கு ஏலி மென்மையாகப் புத்தி சொல்கிறானேயன்றித் தடுக்கவில்லை. குடியாத பெண்ணிடம் கடுமை. குற்றம் செய்த ஆடவரிடம் மென்மை. ஆசாரியனின் பார்வை எங்கே பழுதுற்றிருந்தது என்பதை அந்த இரண்டு அதிகாரங்களும் அருகருகே நின்று காட்டுகின்றன. இந்தப் பகுதியைக் கொண்டு ஜெபத்தைப் பற்றிப் பலமுறை பிரசங்கித்திருந்தோம். ஏலியைப் பற்றி ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை.

ஆயினும் ஏலியிடம் ஒரு நற்பண்பு இருந்தது. அன்னாள் மறுமொழி கூறியபோது அவன் கேட்டான். தான் குடித்தவளல்லள் என்றும், தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாகவும் அவள் விளக்கினாள். ஏலி தன் சொல்லைத் திரும்பப் பெற்று, அவளைச் சமாதானத்தோடு அனுப்பி ஆசீர்வதித்தான். திருமறை அவளுடைய மறுமொழியை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறது. பாட்டு தர மறுத்த உரிமையைத் திருமறை தந்திருக்கிறது.

நாம் அந்த வீட்டுக்குச் செல்ல இரண்டு மாதங்களாயின. அதற்குள் மகள் சென்னைக்குத் திரும்பிவிட்டார். தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். “போன்ல சொல்றேங்கய்யா” என்றார் அவர். தகப்பனாரிடமும் அன்றே பேசினோம். அது இனிய உரையாடலாக இருக்கவில்லை. அவர் சில மாதங்கள் ஆலயத்திற்கு வரவில்லை, காணிக்கையும் வரவில்லை. அந்த இழப்பைச் சபை தாங்கிக்கொண்டது. மகள் விலகிச் சென்ற இழப்பை இன்னும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

முடிவுரை

பாடியவரைக் கண்டிப்பது நம் நோக்கமன்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னாளில் ஏறுதழுவலைக் குறித்து அவர் பாடிய ‘டக்கரு டக்கரு’ 2017 ஜனவரிப் போராட்டத்தில் இளைஞர் நாவில் இருந்தது. சிராவயல் மஞ்சுவிரட்டைக் கண்டு வளர்ந்த நம் பகுதியில் அது எத்தகைய எழுச்சியைத் தந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கூறும் ‘தமிழி’ என்னும் ஆவணத் தொடரை 2019இல் வெளியிட்டார். தமிழ்மீது அவருக்குள்ள அன்பை ஐயுற இடமில்லை. இளைஞன் ஒருவன் விளையாட்டாகப் பாடியதை ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஆயர் பிரசங்கமாக்கியதே பெரிய பிழை.

கூட்டத்தின் முதல் சாராருக்கு நாம் கூற விரும்புவது: பொருளை எவரும் கவனிக்கவில்லை என்பது உண்மையன்று. வாசலில் தட்டோடு நின்றவர் கவனித்தார். இரண்டாம் சாராருக்கு: ஏசாயாவையும் ஆமோசையும் மேற்கோள் காட்டுமுன் அவர்கள் முதலில் யாரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று பாருங்கள். மூன்றாம் சாராரான மாணவியருக்கு: உங்கள் எசப்பாட்டுக்குச் சபை இடம் தரவேண்டும், அதைக் கேட்கும் பொறுமையும் பெறவேண்டும். பேசாதிருந்த தாய்மாருக்கு நாம் கூறத்தக்கது எதுவுமில்லை. அவர்கள் கூறுவதையே நாம் கேட்கவேண்டியவராயிருக்கிறோம்.

குடித்தவள் என்று ஆசாரியனால் ஏசப்பட்ட அந்தப் பெண்ணே அடுத்த அதிகாரத்தில் பாடுகிறாள். வலியவரின் வில் முறிவதையும் எளியவர் குப்பையிலிருந்து உயர்த்தப்படுவதையும் அவள் பாடினாள். பல நூற்றாண்டுகளுக்குப்பின் நாசரேத்தூர் மரியாளின் பாட்டில் அதே குரல் மீண்டும் ஒலித்தது. இன்றும் திருச்சபை அதை வழிபாட்டில் பாடுகிறது. ஏலி பாடிய பாட்டு என்று திருமறையில் எதுவுமில்லை. நம் வாலிபருக்குப் பாட்டுக் கற்றுத் தரும் நாம், எந்த உதடுகளிலிருந்து அதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதைச் சிந்திப்போமாக.